முடிக்கும் முன்பே சொல்லிவிடுகிறவர்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் இருக்கையில் அமர்த்த மாட்டேன். அந்த இருக்கையில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பரிசு கொடுத்தே பழகியவர்கள். அவர்களுடைய தீர்ப்பில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. சாட்சியாக மட்டும் வாருங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள், அவர் சொன்னதையும் கேளுங்கள். பிறகு உங்கள் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அது எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பக்கத்தையே கிழித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். அதற்குக் கீழே, "இரண்டாம் பாகம் விரைவில்" என்று தம் கையாலேயே சேர்த்தும் எழுதிவிடுவார்.

உடும்பஞ்சோலைக்கும் போடிமெட்டுக்கும் இடையில், ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் பிரிந்து செல்லும் ஒரு ஜங்ஷனில் அவருக்குச் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. தமிழ்நாட்டு அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி வந்து காயெடுக்கும் பெண்கள், மாலையில் இறங்கும்போது அந்த ஜங்ஷனில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டுத்தான் மலையிறங்குவார்கள். தலையில் கட்டிய துண்டும், கையில் தூக்குவாளியும், விரல்களில் போகாத ஏலக்கறையுமாக அவர்கள் நிற்கும் அந்தச் சிறு பொழுதுதான் அவருடைய அரங்கம். நான் ஒரு பேச்சுப்போட்டி மேடைக்காகப் பாலக்காட்டுச் சித்தூர்க் கல்லூரிவரை பேருந்து மாறி மாறிப் போனேன். அவருடைய சபையோ நாள்தோறும் ஜீப்பில் ஏறி, அவரைத் தேடி வந்தது.

அவர் கடையில் முதலில் தொங்கியது, "இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்" என்ற பலகை. இயந்திரம் கிடையாது. ஆதார் அட்டையோடு வருகிறவர்களிடம், "மெசின் சூடாகிட்டு இருக்குக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் உடும்பஞ்சோலைக்குப் பறப்பார். நகலோடு திரும்பும்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

"மெசினு நல்லா ஓடுது போல?" என்று கேட்பார் டீக்கடைக்காரர்.

"ஓடுது மாப்ள. ரெண்டு சக்கரத்துல ஓடுது."

எதிரணியின் சார்பாக ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்: இயந்திரம் ஒருநாள் வந்தே விட்டது. அதையும் அவர் தம் கட்சிக்குச் சாதகமாகவே பயன்படுத்தினார். "போர்டு மாட்டலேன்னா இத்தன பேரு கேக்குறாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? தெரியாம வாங்கிப்போட்டு, ஈ ஓட்டவா?"

அவர் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அவருக்குப் பேசத் தெரியாது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது அதன் வினைமுற்று எங்கே இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. "அதாவது" என்பார், மூக்கைத் தேய்ப்பார், எதிரே நிற்பவர் யாராவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். எனக்கோ முதல் பாடமாகக் கற்பிக்கப்பட்டது ஒரே விதி: முடிவுரை தயாராகாமல் முன்னுரைக்கு வாய் திறக்காதே. அந்த விதியைப் பேச்சில் மட்டுமின்றி, பிறகு நான் படித்த கணினித் தொழிலிலும் கடைப்பிடித்தேன். என் வாக்கியங்கள் சபையில் முழுமையாகச் சென்று இறங்கின. அவருடைய அரைகுறை வாக்கியங்களை முடித்துவைக்கச் சபையே எழுந்து வந்தது. இதில் எது வெற்றி என்று நீங்கள் கேட்டால், நான் என் கோப்பைகளைக் காட்டுவேன். ஆனால் காட்டும்போது என் பார்வை அவர் கடைப்பக்கம்தான் போகும்.

திருமணத்தையும் அவர் இப்படித்தான் செய்துகொண்டார். ஜீப்பில் வரும் பெண்களில் ஒருத்தி போன் சரிசெய்யக் கொடுத்திருந்தாள். மறுவாரமே, சித்திரையில் அவளோடு தமக்குக் கல்யாணம் என்று டீக்கடையில் அறிவித்துவிட்டார். செய்தி மலையிறங்கி அடிவாரத்துக்குப் போயிற்று. பெண்ணின் தகப்பனார் ஜீப்பேறி வந்தார்.

"ஏய்யா, எம் பொண்ணுக்குச் சித்திரையில கல்யாணமாமே? எங்களுக்கெல்லாம் பத்திரிக்கை கிடையாதா?"

"மொதப் பத்திரிக்கையே உங்களுக்குத்தான் மாமா. இன்னும் அடிக்கல."

கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் தேநீரை மறுக்கவும் இல்லை. அந்தப் பெண் மட்டும், "மொதல்ல போன் சரியாகட்டும். பொறகு பாக்கலாம்" என்றாளாம். போன் சரியாயிற்று. கல்யாணம் சித்திரையில் நடக்கவில்லை, ஆவணியில் நடந்தது. அவரிடம் எப்போதும் அப்படித்தான்: சொன்ன தேதி தவறிவிடும், சொன்ன காரியம் பெரும்பாலும் தவறாது.

'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனமாகத்தான் எழுதினேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்பு அவருடைய கொள்கையை அவர் வாயாலேயே நீங்கள் கேட்டாக வேண்டும்.

உலகின் பெரிய நிறுவனங்கள் புதிய போனையோ புதிய மென்பொருளையோ அறிவிக்கும் விழாக்களை அவர் கடையில் ஓடவிடுவார். ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பார். நானும் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அங்கே போய் உட்காருவேன். மேடையில் ஒருவர் கறுப்புச் சட்டையோடு நடப்பார். பின்னால் பெரிய திரையில் ஏதோ ஒளிரும்.

"இது இன்னும் செய்யல தம்பி," என்பார் இவர், சாலிடர் முனையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எப்படிச் சொல்றீங்கண்ணே?"

"செஞ்சிருந்தா கையில குடுத்திருப்பான். படமால்ல காட்டுறான்."

பல மாதம் கழித்து அந்தப் பொருள் தள்ளிப்போனதாகச் செய்தி வரும். சில வேளை, அது வரவே வராது என்றும் செய்தி வரும். இவருக்குக் கோபமே வராது. எனக்கு வரும். பொருளை முழுதாகச் செய்து, சோதித்து, பெட்டியில் அடைத்து, அதன் பிறகே வாய் திறக்கும் நிறுவனங்களும் உலகில் உண்டு. மரியாதைக்கு உரியவை அவைதான் என்று ஒருநாள் அவரிடம் நெடுநேரம் வாதாடினேன். மேடையில் பேசியிருந்தால் பரிசு நிச்சயம். அவ்வளவு நன்றாகப் பேசினேன். அவர் திருகுளியைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சதப் பத்திப் பேச என்ன தம்பி இருக்கு? வாங்கிட்டுப் போக வேண்டியதுதான். முடியாததச் சொன்னாத்தான் நாலு பேரு கிட்ட வருவான். 'இதுல இப்பிடி வையி, அத எடுத்துரு'ன்னு சொல்லுவான். திட்டுவான். திட்டுனாத்தான் நான் செய்வேன்."

"நம்பி ஏமாந்தவன் என்ன செய்வான்?"

அவர் திருகுளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பறித்த ஏலக்காயைச் சூட்டறையில் உலர்த்துவார்கள். விறகு எரித்து, குழாய் வழியே சூட்டை அறைக்குள் விடுவார்கள். சூடு மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் அதன் மதிப்பும் போய்விடும். ஆகவே இரவெல்லாம் ஒருவர் விழித்துக் காவல் இருக்க வேண்டும். இதற்கு ஒரு கருவி செய்யப் போவதாக அவர் அறிவித்தார்: சூடு ஏறினால் போன் மணி அடிக்கும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அறிவித்ததோடு நிற்கவில்லை. எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு சிறிய பெட்டியைச் செய்து, பச்சை விளக்கு ஒன்றை அதில் பொருத்தி, பள்ளத்தில் சிறு தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாவின் சூட்டறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தார். உள்ளே விளக்குக்கான பேட்டரியைத் தவிர எதுவும் இல்லை. "இது மாதிரிக்குத்தான் அம்மா, உள்ள வைக்கிறது இனிமேத்தான்" என்று சொன்னதாக அவர் சொன்னார். அந்த அம்மா பார்த்தது விளக்கை மட்டும்தான். அது எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பி அந்த அம்மா தூங்கினார்.

அந்த முறைக் காய் முழுவதும் பழுப்பாகிவிட்டது.

அதன் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அந்த அம்மாவின் சூட்டறைக்குக் காவல் இருந்தது இவர்தான். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அந்தக் கருவியை மட்டும் அவர் கடைசிவரை செய்யவே இல்லை. அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

இதை நான் அறிந்தபோது எனக்கு வந்த உணர்ச்சியை உங்களிடம் மறைக்க மாட்டேன். இரக்கம் வந்தது, அதற்கு முன்னதாக மகிழ்ச்சி வந்தது. என் வாதத்துக்கு இதைவிட வலிய சான்று எங்கே கிடைக்கும்?

இனி என் பொருளுக்கு வருகிறேன்.

காயெடுக்க வரும் பெண்களுக்கு ஒரு தீராத துன்பம் இருந்தது. நாளை வேலை உண்டா இல்லையா என்பது அவர்களுக்கு விடிந்தால்தான் தெரியும். மழை என்றால் தோட்டக்காரர் வேண்டாம் என்பார். மருந்தடிக்கும் நாள் என்றால் ஆள் குறைப்பார். இருட்டில் எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளைத் தட்டி எழுப்பிவிட்டு, ஸ்டாண்டுக்கு வந்து நின்றால், ஜீப் வராது. என் அத்தையே அப்படி நின்றவர்தான். அதற்கு நான் ஒரு செயலி செய்தேன். மாலையில் தமக்கு வரும் மறுநாள் விவரத்தை டிரைவர் தம் போனில் பதிந்தால் போதும்: எந்த ஜீப், எந்தத் தோட்டம், எத்தனை இடம், எல்லாம் பெண்களின் போனில் தெரியும். தமிழிலும் மலையாளத்திலும் வரும். நெட்வொர்க் இல்லாத வளைவுகளிலும் நிற்காது. இரண்டு மழைக்காலம் அதற்காக அறைக்குள் இருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பிழை இல்லை என்று எனக்கே உறுதியான பிறகும், எழுத்துருவின் அளவில் ஒரு குறை தெரிந்ததால் மேலும் காத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜீப்புகளின் பின்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். "நாளைக்கு ஜீப் உண்டா? மிஸ்டு கால் கொடுங்கள். கம்ப்யூட்டர் பதில் சொல்லும்." கீழே அவருடைய கடை எண்.

என் உடம்பில் ஓடிய சூட்டை இன்றும் என்னால் அடையாளம் காட்ட முடியும். திருட்டு என்று நினைக்க முடியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. துன்பம் ஊரறிந்தது, அதற்கு மருந்து தேடும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் அவரிடம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவின் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"வணக்கம். இது... கம்ப்யூட்டர். நாளை. எந்த. ஜீப்."

மூக்கை அடைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, இயந்திரம் போல. அவர் குரல்! பின்னணியில் ஒரு பெண் குரல், "சோறு ஆறுதுங்க, கம்ப்யூட்டர வச்சிட்டு வாங்க" என்று கத்தியது.

நான் போனை வைத்துவிட்டேன். அவர் சாயங்காலமெல்லாம் ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டு விவரம் வாங்கி, பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் தாமே திருப்பி அழைத்துக்கொண்டிருக்கிறார். இயந்திரம் என்று சொல்லப்பட்டது இரண்டு கட்டைவிரல்களும் ஒரு மூக்கும். இதை டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கலாம். சொல்லவில்லை. தக்க மேடைக்காக வைத்துக்கொண்டேன்.

மேடை தானாக வந்தது. என் செயலியை அறிவிக்கும் எண்ணத்தோடு ஜீப் டிரைவர்கள் சங்கத்துச் செகரட்டரியிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும் தகவல் சொல்லிட்டு இருக்க எங்க ஆளுகளால முடியாது. ஒருத்தருக்குத்தான். யாருக்குன்னு பொம்பளைகளே சொல்லட்டும். யோகம் போட்டுருவோம்" என்றார். கூட்டத்தை எங்கள் பக்கத்தில் மலையாள வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே, அன்று நான் தோற்றால் டிரைவர்கள் எனக்கு ஒரு விவரமும் தர மாட்டார்கள். விவரம் வராத செயலி வெறும் அழகான வண்ணப்படம். இரண்டு மழைக்காலத்து உழைப்பு அந்த ஒரு மாலையில் நின்றது.

ஜங்ஷனில், கோயில் திருவிழாவுக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கியை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். மூடுபனி ஏலச்செடிகளிலிருந்து சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் தேநீர்க் குவளைகளோடு ஜீப்புகளின் மேல் சாய்ந்து நின்றார்கள். பள்ளத்துத் தோட்டத்து அம்மாவும் வந்திருந்தார்; அவர் தோட்டத்துக்கும் இந்த ஜீப்புகளில்தான் ஆள் வருகிறது.

நான் பேசினேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த உரை அதுதான். சொல்லப்படுவதற்கும் செய்யப்படுவதற்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுகிறவர் யார் என்று கேட்டேன். சொன்னவர் விழுவதில்லை, நம்பியவரே விழுகிறார் என்றேன். பச்சை விளக்கைச் சொன்னேன். கூட்டத்தில் சலசலப்பு நின்றது. அந்த அமைதியின் மேல் என் கடைசி ஆயுதத்தை வைத்தேன்.

"இன்று உங்களுக்குப் பதில் சொல்லும் அந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று அறிவீர்களா? இல்லவே இல்லை! மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது இதோ, இவர்தான்!"

நான் எதிர்பார்த்த ஓசை வேறு. வந்தது சிரிப்பு.

"ஏந்தம்பி, இதச் சொல்லவா மைக்கு புடிச்ச?" என்றார் முன்வரிசையில் நின்ற ஓர் அக்கா. "எங்களுக்கு மொத நாளே தெரியும்."

"மெசினு கொட்டாவி விடுமாய்யா?" என்றது இன்னொரு குரல்.

"மெசினுக்குப் பொண்டாட்டி இருப்பாளா? பின்னாடி நின்னு அவ வைய்யுறது எனக்குல்ல கேக்குது!"

"நேத்து நான் சும்மாதான் அடிச்சேன். எங்க வீட்டுக்காரரு பேசிட்டே இருந்தாரு, தப்பிக்கணும்ல?"

அவர் கடை வாசலில் தலை குனிந்து நின்றார். காது சிவந்திருந்தது. "கம்ப்யூட்டர்னு போட்டாத்தான் டிரைவருங்க மதிச்சுத் தகவல் சொல்லுவாங்கன்னு..." என்று தொடங்கினார். அந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. டிரைவர்களே சிரித்து முடித்துவைத்தார்கள்.

ஆனால் பச்சை விளக்கு அப்படியே நின்றது. செகரட்டரி, பள்ளத்துத் தோட்டத்து அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா குவளையைக் கீழே வைத்தார்.

"அந்தத் தம்பி சொன்னது நெசம். எங் காயி கருகுச்சு. இவரு வந்து காவல் இருந்தாரு, அதுவும் நெசம். நான் மறக்கல. ரெண்டையும் மறக்கல."

கடை வாசலில் நின்றவர் நிமிர்ந்தார். அன்று அவர் பேசியதிலேயே முழுமையான வாக்கியங்கள் இவைதான். "லைட்டு எரிஞ்சிச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. அத மாட்டுனது நான். சொன்னது வேற, மாட்டுனது வேற. சொல்லிருக்கலாம், மாட்டிருக்கக் கூடாது."

என் வாதத்தை அவர் எனக்கே கூர்மையாக்கிக் கொடுத்துவிட்டார். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

முன்வரிசை அக்கா என்னிடம் திரும்பினார். "சரி, உன்னுது எப்ப வரும்?"

"தயாராகவே இருக்கிறது," என்றேன். மேடைத் தமிழ் என்னைவிட்டு இறங்க மறுத்தது.

"எப்ப இருந்து?"

"மழைக்கு முந்தியே."

"மழைக்கு முந்தியேவா? இந்த மழையில எத்தன நாளு நாங்க வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனோம் தெரியுமா? கையில வச்சிக்கிட்டாய்யா பாத்துட்டிருந்த?"

"முழுமை பெறாத ஒன்றை மக்களிடம் தருவது..."

"யாருக்குய்யா முழுமை வேணும்? ஜீப்பு உண்டா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்."

கை தூக்கச் சொன்னார்கள். அவர் பக்கம் உயர்ந்த கைகளை நான் எண்ணவில்லை. தேநீர்க் குவளையோடு தூக்கியவர்களும் இருந்தார்கள். என் பக்கம் உயர்ந்தது ஒரே கை, பள்ளத்துத் தோட்டத்து அம்மாவுடையது. என் கண்ணில் தெரிந்த நன்றியை அவர் உடனே வெட்டிவிட்டார்.

"உன்னுது நல்லாருக்கும்னு தூக்கல தம்பி. நான் உன்னுதப் பாக்கவே இல்ல. அவரு வேணாம்னு தூக்குனேன்."

நான் இப்போது பாலக்காட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் பொருள்கள் பிறப்பதற்கு முன்பே பெயர் பெற்று மேடையேறிவிடும். அந்த மேடைகளுக்கு உரை எழுதித் தருகிறவன் நான்தான். குறையில்லாமல் எழுதுகிறேன். அரங்கம் முறைப்படி கை தட்டுகிறது. அந்தக் கைத்தட்டலைக் கேட்கும்போதெல்லாம், யாராவது எழுந்து என் வாக்கியத்தை முடித்துவைக்க வருகிறார்களா என்று பார்க்கிறேன். ஒருவரும் வருவதில்லை. அவருக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது? தேதி தவறியவரை, விளக்கை மட்டும் மாட்டியவரை, மூக்கால் பேசியவரை ஏன் அவர்கள் தமக்குரியவராக வைத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் முடிவுரை இல்லை. இருந்தும் எழுதத் தொடங்கிவிட்டேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அந்த மாலையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். யோகம் கலைந்தது. ஜீப்புகள் ஒவ்வொன்றாக உறுமின. நான் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தோற்றவனுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டுமே. அவர் என் அருகில் வந்து, என் போனைக் கை நீட்டிக் கேட்டார். கொடுத்தேன். என் செயலியைத் திறந்து, மெல்ல, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒன்று தெரிந்தது. பொறாமையை நான் நன்கறிவேன். அது பொறாமைதான் என்று சத்தியம் செய்வேன்.

"நெசமாவே முடிச்சிட்டியாடா தம்பி," என்றார், ஏதோ இழவுச் செய்தி கேட்டவர் போல. "ஒரு ஓட்டைகூட இல்லியே."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினார். முன்னால் நகர்ந்த ஜீப்பின் படியில் தாவி ஏறி, கூரையைப் பிடித்துக்கொண்டு, அதன் தகரத்தை இரண்டு முறை தட்டினார். அதுவும் பின்னால் வந்த ஜீப்புகளும் நின்றன. பெண்கள் தலையை வெளியே நீட்டினார்கள். அவருடைய கை என்னை நோக்கி நீண்டிருந்தது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. வாசகரே, நான் எத்தனையோ சபைகளைப் பார்த்தவன். ஆனால் வரப்போகிற ஒன்றுக்காகக் காத்திருக்கும் முகங்கள் என்னை நோக்கித் திரும்பியது அன்றுதான். அதையும் எனக்கு அவர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. குறையின்றி முடிந்து, என் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்த பொருளை, ஒரே மூச்சில் இனிமேல் வரப்போகிற பொருளாக அவர் மாற்றிக்கொண்டிருந்தார். மறுக்க வாய் திறந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து, மூக்கை அடைக்காத அவருடைய சொந்தக் குரல் அதற்குள் முந்திக்கொண்டது:

"அக்காமாரே, கேட்டுக்கங்க! அடுத்த மாசம் மொதத் தேதியில இருந்து நெசக் கம்ப்யூட்டரு! பட்டனும் அமுக்க வேணாம், பேரும் சொல்ல வேணாம். தொண்டையச் செருமுனாப் போதும், யாரு, எந்த ஜீப்புன்னு அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லும். செய்யுறது இந்தத் தம்பி. பாதி முடிச்சிட்டாரு! மீதிய முடிக்க வைக்கிறது எம் பொறுப்பு!"